அவசரமில்லாத ஆறு

கோடை விடுமுறை என்றதும், ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில் டிக்கெட்டேயாகும். 60 நாட்களுக்கு முன்னரே, காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும் கணத்தில் நம் விடுமுறையும் தொடங்கிவிடுகிறது. பின்னர் மூட்டை முடிச்சுகள், இரவும் பகலுமாகப் பிரயாணம், ஊரில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல், திரும்பவும் மூட்டை முடிச்சுகள். ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலம் கழிக்கும் நாமும் இதற்கு விலக்கல்லோம். போய்ச் சேர்வதற்காகவே புறப்பட்டுப் பழகிய நமக்கு, போவதற்காகவே போகும் பயணம் என்று ஒன்று உலகில் உண்டு என்பது சற்று வியப்பாகவே இருக்கும்.

ஹாலந்து என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நெதர்லாந்து நாட்டில் அத்தகைய பயணம் கோடைதோறும் நடைபெறுகிறது. ஒரு சிறு படகு, ஒரு சிறு ஆறு, கையில் ஒரு கூடைச் சிற்றுண்டி, கடிகாரத்தை மறந்த ஒரு நாள்; அவ்வளவே. அந்நாட்டின் சிற்றாறுகளில் புகழ்பெற்றதான வெக்ட் ஆற்றில் அன்பர்களை இம்மாதம் மனத்தால் ஒரு படகேற்றி அழைத்துச் செல்ல விழைகிறோம்.

கடலினும் தாழ்ந்த ஆறு

வெக்ட் பெரிய ஆறன்று. உட்ரெக்ட் நகரில் புறப்பட்டு, வடக்கு நோக்கி வளைந்து வளைந்து சென்று, மாய்டன் என்னும் சிற்றூரில் முடிகிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 40 கி.மீ. மட்டுமே. நம் விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம் இது. ஆயினும் இந்த 40 கி.மீ. தூரத்துக்குள் 900 ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

முற்காலத்தில் இது ரைன் பேராற்றின் ஒரு கிளை. 1122இல் உட்ரெக்டுக்குத் தென்கிழக்கே, விக் பை டூர்ஸ்டெட என்னும் ஊரருகே ரைனின் பழைய போக்கை அணையிட்டு மறித்தார்கள். வெள்ளம் வந்து விளைநிலங்களை அழிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அன்று முதல் வெக்டின் வேகம் குறைந்தது. இன்று அதன் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவானது. ஓர் இலை விழுந்தால் அது எப்பக்கம் நகர்கிறது என்று அறியவே சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

இந்த ஆற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 40 செ.மீ. கீழே இருக்கிறது. ஆற்றங்கரைக்கு அப்பால் பசுக்கள் மேயும் புல்வெளிகளோ அதனினும் தாழ்ந்தவை. படகில் அமர்ந்திருப்பவர் கரையைத் தாண்டிப் பார்த்தால் மாடுகள் தமக்குக் கீழே மேய்வதைக் காண்பார். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதே ஆறு என்று அறிந்த நமக்கு, ஊரே பள்ளத்திலும் ஆறு மேட்டிலுமாக அமைந்த இந்தக் காட்சி விந்தையானது. புல்வெளியில் பெய்யும் மழைநீரை இறைத்து மேலேற்றி ஆற்றில் விட்டுக்கொண்டே இருந்தால்தான் அங்கே மனிதர் வாழ முடியும். முன்னர்க் காற்றாலைகள் செய்த இவ்வேலையை இன்று மின்சாரப் பம்புகள் செய்கின்றன.

இதற்கெனவே நீர் வாரியங்கள் என்னும் அமைப்புகள் 13ஆம் நூற்றாண்டு முதல் அந்நாட்டில் இருந்து வருகின்றன. மக்கள் வாக்களித்து அவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டுக்கு வீடு வரி செலுத்துகிறார்கள். கரை உடைந்தால் பண்ணையாரின் நிலமும் கூலிக்காரனின் குடிசையும் ஒருங்கே மூழ்கும் என்பதால், தண்ணீர் விஷயத்தில் ஒருவரை ஒருவர் விட்டு வாழ முடியாது என்னும் பாடத்தை அந்த மண் அவர்களுக்குக் கற்பித்துவிட்டது. ஆற்றின் அமைதி தானாக வந்ததன்று. ஒவ்வொரு நாளும் மனிதர் கண்விழித்துக் காப்பது.

படகேறுவோம்

உட்ரெக்ட் நகரின் நடுவே பழைய கால்வாய் ஒன்று ஓடுகிறது. அதன் இரு மருங்கிலும் தண்ணீர் மட்டத்தில் வரிசையாக நிலவறைகள். வணிகர்கள் படகிலிருந்து சரக்கை நேரே இறக்கி வைக்க அமைத்த பண்டகசாலைகள் அவை. இன்று அவற்றுள் பல உணவு விடுதிகளாகிவிட்டன. 112 மீட்டர் உயரமுள்ள டோம் கோபுரம் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க, படகு வடக்கே செல்கிறது. நகரின் எல்லையில் ஒரு லாக். அதைத் தாண்டினால் வெக்ட்.

லாக் என்பது இரண்டு கதவுகளுக்கு இடையே அமைந்த ஒரு நீர்த்தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். தொட்டியின் நீர் மெல்ல ஏறியோ இறங்கியோ அடுத்த பக்கத்து மட்டத்துக்குச் சமமானதும் முன்கதவு திறக்கும். அதுவரை படகிலுள்ளோர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்படுவோருக்கு அங்கே வேலையில்லை. சிக்னல் கிடைக்காமல் ஸ்டேஷனுக்கு வெளியே வண்டி நிற்கும்போது நாம் படும் எரிச்சலை அங்கே யாரும் படுவதில்லை. நிற்பதும் பயணத்தின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டுதான் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

15 மீட்டருக்குக் குறைந்த நீளமும், மணிக்கு 20 கி.மீ.க்கு மேற்படாத வேகமும் உள்ள உல்லாசப் படகை ஓட்ட அந்நாட்டில் உரிமம் தேவையில்லை. ஆகையால் தந்தையோ தாயோ சுக்கானைப் பிடிக்க, குழந்தைகள் மிதவைச் சட்டையணிந்து முன்புறம் உட்கார்ந்திருக்கும் குடும்பப் படகுகளே மிகுதி. வலப்புறமாகச் செல்ல வேண்டும் என்பது விதி. இத்தகைய சிற்றாறுகளில் வேக எல்லை மணிக்கு 6 கி.மீ., 9 கி.மீ. என்ற அளவிலேயே இருக்கும். கரையில் ஓடிவரும் சிறுவன் படகை முந்திவிடலாம். இவ்வளவு கண்டிப்பு ஏன் எனில், வேகமாகச் செல்லும் படகு எழுப்பும் அலை கரையை அரித்துவிடும். நாணலில் கூடு கட்டியிருக்கும் நீர்ப்பறவைகளின் முட்டைகளும் பாழாகும். மெதுவாகச் செல்வது அங்கே வெறும் சுகமன்று, கடமையுமாகும்.

மாளிகைகளும் தேநீர் மண்டபங்களும்

சிறிது தூரத்தில் ஸாய்லன் கோட்டை. 1740இல் இங்கே பிறந்த பெல் வான் ஸாய்லன் என்னும் மாது, பெண்கள் எழுதத் தயங்கிய காலத்தில் பிரெஞ்சு மொழியில் நாவல்களும் கடிதங்களும் எழுதி ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றவர். கோட்டைத் தோட்டத்தில் பாம்பு நெளிவது போல் வளைந்து வளைந்து செல்லும் ஒரு செங்கற்சுவர் உண்டு. வளைவுகளுக்குள் வெயிலின் சூடு தங்கும்; குளிர்ந்த காற்றும் புகாது. அந்தக் கதகதப்பில் திராட்சையும் அத்தியும் பழுக்கும். வெயிலுக்கு ஒதுங்கி நிழல் தேடும் நாட்டினரான நமக்கு, வெயிலைப் பிடித்து வைக்கச் சுவர் எழுப்பியவர்களின் ஏக்கம் புதுமையாகத் தோன்றும்.

மார்சன், பிரூகெலன் என ஊர்கள் தொடர்கின்றன. அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள புரூக்ளின், இந்தப் பிரூகெலன் ஊரின் பெயரைக் கொண்டு 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இட்ட பெயரே. வழியெங்கும் இரு கரையிலும் மாளிகைகள். அவற்றின் முன் புல்தரை. தண்ணீரைத் தொட்டாற்போல் சிறு சிறு மண்டபங்கள். எண்கோண வடிவம், பெரிய சாளரங்கள், குவிந்த கூரை கொண்ட இவற்றுக்குத் தேநீர் மண்டபம் என்று பெயர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் செல்வ வணிகர்கள், கோடையில் நாற்றமெடுக்கும் நகரத்துக் கால்வாய்களை விட்டு நீங்கிப் படகில் வந்து இங்கே தங்கினார்கள். மாலையில் மண்டபத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, ஆற்றில் போவோர் வருவோரைப் பார்த்திருப்பதே அவர்களின் பொழுதுபோக்கு.

அச்செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது, அன்பர்களே, நம் நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்கிறது. அதில் ஒரு பங்கு நம் கரையிலிருந்து போனதே.

நாகப்பட்டினத்திலிருந்து வெக்ட் வரை

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பிற்று. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிற்று. 1690 முதல் 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் நாகப்பட்டினமே. நம் நெசவாளர் நெய்த துணியும், வண்ணம் தீட்டிய சீட்டித் துணியும் அங்கிருந்து கப்பலேறின. டச்சு மொழியில் அத்துணிக்கு இன்றும் ‘சிட்ஸ்’ என்றே பெயர். மார்சனில் கௌடஸ்டெய்ன் என்னும் தோட்ட மாளிகைக்கு உரியவராயிருந்த யோவான் ஹௌடகோப்பர் (1625–1704), ஆம்ஸ்டர்டாமின் மேயராகவும் அக்கம்பெனியின் இயக்குநருள் ஒருவராகவும் விளங்கியவர். ஆக, இம்மாளிகைத் தோட்டங்களுக்கும் நம் கடற்கரைத் தறிகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை ஓடுகிறது.

துணி மட்டும் போகவில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்ட பல ஆயிரம் பேரை அக்கம்பெனி விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் பதாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. ஊரை விட்டு வந்த கதை நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆனால் நாம் டிக்கெட் எடுத்து வந்தோம், திரும்பிச் செல்லவும் டிக்கெட் எடுக்கலாம். அவர்களுக்குத் திரும்பும் வழியே இல்லை.

அடிமை வாணிபத்தில் தம் அரசுக்கு இருந்த பங்குக்காக நெதர்லாந்தின் பிரதமர் 2022 டிசம்பர் 19இலும், மன்னர் 2023 ஜூலை 1இலும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர். மண்டபங்களின் அழகை இது குறைத்துவிடாது. எனினும் அழகிய பொருளைப் பார்க்கும்போது அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று நினைத்துப் பார்ப்பது, பார்வையின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே நம் கருத்து.

நேரம் தவறாத குதிரைப் படகு

ரயில்வேக்காரருக்கு மனமகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. ரயில் தோன்றுவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்னரே, 1632 முதல், அந்நாட்டில் டைம்டேபிள் போட்டு ஓடிய வண்டிகள் இருந்தன. அவை குதிரை இழுக்கும் படகுகள். கரையோரப் பாதையில் குதிரை நடக்கும். நீண்ட கயிற்றால் கட்டிய படகு நீரில் வழுக்கிச் செல்லும். வேகம் மணிக்குச் சுமார் 7 கி.மீ. குறித்த நேரம் வந்ததும் ஆள் நிரம்பாவிட்டாலும் படகு புறப்பட்டுவிடும். குலுக்கலில்லாத பயணமாதலால் பிரயாணிகள் படிப்பார்கள், பின்னுவார்கள், நாட்டு நடப்பை வாதிப்பார்கள். நம் இரண்டாம் வகுப்புப் பெட்டியின் மூதாதை இது என்று கொள்வதில் தவறில்லை.

1843இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து உட்ரெக்டுக்கு ரயில் வந்தது. தொடக்கத்தில் அந்நாட்டுத் தண்டவாளங்களின் அகலம் 1,945 மி.மீ.; நம் அகலப் பாதையின் 1,676 மி.மீ.ஐயும் விஞ்சியது. பின்னர் அண்டை நாடுகளோடு ஒத்துப்போகும் பொருட்டுக் குறைத்துக்கொண்டார்கள். ரயில் ஓடத் தொடங்கியதும் பிரயாணிகள் படகை விட்டு அதற்கு மாறினார்கள். 1892இல் வெட்டிய மெர்வெட கால்வாயும், அதன் வழியையே பெரும்பாலும் விரிவாக்கி 1952இல் திறந்த ஆம்ஸ்டர்டாம்–ரைன் கால்வாயும் சரக்குப் படகுகளை இழுத்துக்கொண்டன. 72 கி.மீ. நீளமுள்ள இக்கால்வாய் உலகின் போக்குவரத்து மிகுந்த கால்வாய்களுள் ஒன்று. நம் மொழியில் சொன்னால், கூட்ஸ் வண்டிகளுக்குத் தனி லைன் போட்டாயிற்று; பழைய லைன் காலியாயிற்று.

பல நூற்றாண்டுகள் பாரம் சுமந்த வெக்டுக்கு இவ்வாறு ஓய்வு கிடைத்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆற்றை அந்த மக்கள் மூடிவிடவில்லை. ஓய்வு பெற்ற ஆற்றையே ஓய்வுக்கு உரியதாக்கிக்கொண்டார்கள்.

கோடை மாலை

லூனன், வ்ரேலாந்து ஆகிய ஊர்களை அணுகும்போது குறுக்கே தாழ்ந்த பாலங்கள் வருகின்றன. பாலத்தை ஒருபுறமாகத் தூக்கிப் படகுக்கு வழிவிடுவார்கள். அப்போது சாலையில் கார்களும் சைக்கிள்களும் நின்று காத்திருக்கும், நம் லெவல் கிராஸிங்கில் நிற்பது போல. இங்கே ரயில் கடப்பதற்கு நிற்பவர்கள், அங்கே ஒரு குடும்பம் படகில் சும்மா போவதற்காக நிற்கிறார்கள்! பாலங்காப்பவர் கட்டணம் கேட்பதானால், தூண்டிற்கோல் போன்ற கழியின் நுனியில் ஒரு மரச்செருப்பைக் கட்டிப் படகுக்கு நேரே இறக்குவது அந்நாட்டின் பழைய வழக்கம். காசைச் செருப்பில் போட்டுவிட்டுப் படகு கடந்து போகும்.

அந்நாட்டுக் கோடை வெயில் நம் மார்கழி வெயிலைப் போன்றது. ஜூன் இறுதியில் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. இதனால் அலுவலகம் முடிந்து வந்தவர்களும் படகெடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றிவர முடிகிறது. நாணலோரம் சாம்பல் நிறக் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். கொண்டையுள்ள முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் செல்லும். சிறுவர்கள் நீரில் குதித்து விளையாடுவார்கள். தொலைவில் ரயிலோசை கேட்கும். அவசரக்காரருக்கு ரயிலும் இருக்கிறது, அவசரமில்லாதவருக்கு ஆறும் இருக்கிறது.

வேஸ்பும் மாய்டனும்

ஆற்றின் கீழ்ப்பகுதியில் காட்சி மாறுகிறது. மாளிகைகள் குறைந்து, புல் போர்த்த கோட்டைகள் தோன்றுகின்றன. 1672இல் பிரெஞ்சுப் படை உட்ரெக்டைப் பிடித்தபோது, டச்சுக்காரர் மதகுகளைத் திறந்து தம் வயல்களையே மூழ்கடித்தார்கள். நடந்து கடக்க முடியாத ஆழம், கப்பல் செலுத்தப் போதாத ஆழம். அதைத் தாண்டிப் பகைவர் ஆம்ஸ்டர்டாமை அடைய இயலவில்லை. ஆனால் 1673இல் திரும்பிப் போகும்போது வெக்ட் கரையின் பல கோட்டைகளை அழித்துச் சென்றார்கள். தண்ணீரையே மதிலாக்கிய இந்த முறையைப் பிற்காலத்தில் விரிவாக்கி அமைத்த காப்பரண்கள் 2021 முதல் டச்சு நீர்க்காப்பு அரண்கள் என்னும் பெயரில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக உள்ளன.

வேஸ்ப் ஊரில் 1850 முதல் வான் ஹூட்டன் கோகோ தொழிற்சாலை நடந்தது. 2022 முதல் இவ்வூர் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் ஒரு பகுதி. அங்கிருந்து சற்று நேரத்தில் மாய்டன். 13ஆம் நூற்றாண்டில் ஃபுளோரிஸ் என்னும் சிற்றரசன் கோட்டை கட்டிய இடத்தில் பிற்காலத்தில் மீண்டும் எழுப்பிய செங்கற்கோட்டை ஆற்றுமுகத்தில் நிற்கிறது. 1609 முதல் 1647 வரை கவிஞர் ஹூஃப்ட் இக்கோட்டையில் அதிகாரியாக இருந்து, கோடைதோறும் புலவர்களையும் இசைவாணர்களையும் இங்கே வரவழைத்து விருந்தோம்பினார். கோட்டைக்கு முன்னே முன்னாளில் உப்புக்கடல் இருந்தது. 1932இல் பேரணை ஒன்றால் அக்கடலின் வாயை அடைத்தபின் அது நன்னீர் ஏரியாயிற்று. கடல் இருந்த இடத்தில் பாய்மரப் படகுகள் உலவ, நம் பயணம் முடிகிறது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

இதைப் படித்துவிட்டு, "அவர்கள் பணக்காரர், ஆறும் அழகாக இருக்கிறது, படகும் இருக்கிறது" என்று பெருமூச்சுவிடுவது எளிது. ஆனால் வெக்ட் எந்நாளும் இப்படி இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டில் நகரக் கழிவும் ஆலைக் கழிவும் கலந்து, அடியில் நச்சுச் சேறு படிந்து, கெட்டுப்போன ஆறாகவே கிடந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து விடவும், சேற்றை வாரவும், கரைகளைச் சீர்திருத்தவும் பல்லாண்டுத் திட்டம் வகுத்தார்கள். இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஆற்றின் அடிச்சேற்றைத் தூர் வாரினார்கள். கெட்ட ஆறு திரும்பவும் ஆறாக முடியும் என்பதற்கு வெக்ட் ஒரு சாட்சி.

அதே பழவேற்காட்டின் வழியாகச் செல்வதுதான் நம் பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்னைக்கு வந்த வழி அது. பாவேந்தர் பாரதிதாசன் அதில் படகேறி மாமல்லபுரம் சென்ற இன்பத்தைப் பாடியிருக்கிறார். ரயிலும் சாலையும் வந்து அதற்கும் ஓய்வு கொடுத்தன. ஆனால் நாம் அதை என்ன செய்தோம்? சென்னை நகருக்குள் சாக்கடையை விட்டோம். பறக்கும் ரயிலின் தூண்களை அதன் படுகையிலேயே ஊன்றினோம். ரயில்வே உப்பைத் தின்று வளர்ந்த நமக்கு இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆயினும் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. அங்கே ரயில் வந்து ஆற்றின் பாரத்தை இறக்கிவைத்தது. இங்கே ரயில் வந்து கால்வாயின் மார்பில் காலூன்றியது.

நாம் வந்து குடியேறிய ஊர் ஒவ்வொன்றிலும் ஓர் ஆறோ ஏரியோ இருக்கிறது. பத்தாண்டு வாழ்ந்தும் அதன் கரையில் ஒரு மாலை உட்கார்ந்திராத குடும்பங்கள் நம்மிடையே பல. ஊருக்குப் போகும் ரயில் கோடையில் ஒருமுறைதான். இந்த ஆறோ ஆண்டு முழுவதும் நம் வாசலில் ஓடுகிறது. படகு கிடைத்தால் ஏறலாம். கிடைக்காவிடில் கரையில் நடக்கலாம். குழந்தைகளுக்கு அதன் பெயரையும், அது பிறக்கும் இடத்தையும், அதில் கழிவை விடுவது யார் என்பதையும் சொல்லலாம். ஓர் ஆற்றை மெதுவாகப் பார்க்கக் கற்ற பிள்ளை, நாளை அதைச் சாக்கடையாக்கச் சம்மதிக்க மாட்டான்.